பதினான்கு கையெழுத்துகள்

2025 மார்ச் 4, செவ்வாய்

தேயிலைச் சான்றிதழுக்காக அடுத்த வாரம் சோதிக்க வருகிறார்கள். மருந்தடிப்பவர்களுக்கு நான் நடத்த வேண்டிய பாதுகாப்பு வகுப்பு நடக்கவே இல்லை. “பதிவை எப்படியாவது நிரப்பிடுங்க” என்றார் எங்கள் தோட்ட மேனேஜர் தொரை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், வகுப்பு நடந்தது, பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்தாயிற்று என்று எழுதிய தாளில் அரை மணியில் பதினான்கு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஒருவரும் வாசிக்கவில்லை. “நம்ம புள்ளதானே கேக்குது, கொண்டா” என்றார் பக்கத்து லயத்து வீட்டு அழகையா மாமா. பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 12

பாஸ்! மனிதவளப் பிரிவுக்குத் தனிப் பாராட்டு. அதாவது எனக்கு.

மார்ச் 27, வியாழன்

அழகையா மாமாவின் கண்ணில் களைக்கு அடிக்கும் புல் மருந்து பட்டுவிட்டது. பதுளை ஆஸ்பத்திரி. கண்ணாடி போடவில்லையாம். எங்கே போடுவது, யார் கொடுத்தார்கள்?

ஏப்ரல் 3

கடவுளே, நன்றி. பார்வை போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் கொழும்பு தலைமை அலுவலகத்திலிருந்து மெயில். பயிற்சியும் கண்ணாடியும் கொடுத்ததற்கு மாமாவின் கையெழுத்து இருக்கிறதாம். எனவே அவருடைய கவனக்குறைவாம். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும், இனி மருந்தடி வேலையும் கிடையாது. கடிதத்தை டைப் செய்து கையில் கொடுக்க வேண்டியது நான். என் நாற்காலிக்குப் பின்னால் ‘நிறுவன ஒழுக்கநெறிகள்’ தாள். ஒட்டியவளும் நான்தான். வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 4

கடிதத்தோடு லயத்துக்குப் போனேன். அவர் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்தார். அவர் மனைவி அங்கம்மா அத்தை எனக்குப் பிளேன்டீ ஊற்றினார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அத்தை சத்தம் போடாமல் கேட்டார்.

“நீ கேட்டேன்னுதான் போட்டாரு. நீயே சொல்லு துஷா, அன்னைக்கு வகுப்பு நடந்துச்சா?”

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டாரே, அத்தைக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7

கொழும்புக்கு எழுதிவிட்டேன். வகுப்பு நடக்கவில்லை, கண்ணாடி கொடுக்கவில்லை, பதிவு பொய், எழுதியது நான். அனுப்புமுன் தொரையிடம் காட்டினேன். வேலை போச்சுடி என்றுதான் நின்றேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

“நிரப்பச் சொன்னது நான். அதையும் எழுதுங்க, நானும் சைன் பண்றேன்.”

வெளியே வந்து, குழாயடியில் முகம் கழுவுவதுபோல் அழுதேன். அந்த மனிதருக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நன்றி சேர். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 29

பதில் வந்துவிட்டது. சான்றிதழ் நிறுத்தம். தொரைக்கும் எனக்கும் எச்சரிக்கைக் கடிதம், என் நிரந்தர நியமனம் ஆறு மாதம் தள்ளி. மாமாவின் கடிதம் ரத்து. வேலையில் பட்ட காயம் என்றே பதிவு. லயத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மே 20, செவ்வாய்

இன்று உண்மையான வகுப்பு. பதினான்கு கண்ணாடி வந்துவிட்டது. மாமாவும் வந்து முன்னால் உட்கார்ந்தார். முடிந்ததும் புத்தகத்தை நீட்டினேன். பேனாவைத் தொடவில்லை.

“என்ன எழுதியிருக்குன்னு வாசி புள்ள.”

வாசித்தேன். எல்லாரும் கேட்டார்கள். ‘கண்ணாடி, கையுறை, முகமூடி வழங்கப்பட்டன’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“முகமூடி இன்னும் வரலையே.”

ஆமாம், வரவில்லை. பழைய தாளைப் பார்த்து அப்படியே டைப் செய்திருக்கிறேன். அந்தச் சொல்லை எல்லார் முன்னாலும் வெட்டி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அதன் பிறகுதான் மாமா பேனாவை வாங்கினார்.