பால்குடம் ஏற்றிப் பார்த்த இரண்டு காடிகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1931, மார்கழி மாதம்

அன்பு மகன் தம்புசாமிக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா காவலில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், விடாமல் பெய்யும் இந்த மழையிலும் யாருக்கும் இருமல்கூட இல்லை, சிங்கப்பூரில் நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனசு ஆறும்.

போன கடிதத்தில் இரண்டு மோட்டார் காடிகளைப் பற்றியும் நீ இங்கிலீசில் எழுதியிருந்ததை உன் அக்காள் புஷ்பவல்லியின் மகள் ரமணி தடங்கல் இல்லாமல் வாசித்து அர்த்தம் சொன்னாள், நான் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனதற்கும் சேர்த்து இவள் படித்துவிடுவாள் பார். மாப்பிள்ளைக்கு ரயில்வே பட்டறையில் வேலை போனதிலிருந்து புஷ்பவல்லி முகத்தில் களையே இல்லை, சர்க்கார் இனாமாகக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்புகிறதென்று பக்கத்து லயத்து வீடுகளில் பாதிப்பேர் போய்விட்டார்கள், இவளும் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். வாடகைக் காடி ஓட்டிப் பிழைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார், ஆனால் கையிலிருக்கும் பணம் ஒரு காடிக்குத்தான் காணும், அது சரியில்லாமல் போனால் இவர்கள் நாகப்பட்டணத்தில் இறங்க வேண்டியதுதான், அதனால்தான் நானும் கூடப் போய்ப் பார்த்தேன்.

தரகர் அய்யாவு இரண்டையும் நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். சின்னது கணக்கெழுதும் ஒரு கிராணியார் வைத்திருந்தது, நாலு சிலிண்டர், நீ எழுதினபடி ஒரு கேலனுக்கு நாற்பது மைல் போகுமாம், நாலு சக்கரத்துக்கும் பிரேக், புதுப் பெயிண்டில் முகம் பார்க்கலாம். பெரியது காப்பார் தோட்டத்து டாக்டருடையது, ஆறு சிலிண்டர், பெட்ரோல் இரண்டு பங்கு குடிக்கும், பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும், மேலே கித்தான் கூரை, பார்வைக்குக் கிழம். உன்னைப் போலவே மாப்பிள்ளைக்கும் சின்னதின் மேல்தான் கண். நான் ஒன்று கேட்டேன், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள்தானே முதல் சவாரி, விரதம் இருந்து பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள், வழியில் பால் சிந்தினால் அப்புறம் இந்தப் பக்கத்தில் யார் உங்கள் காடியில் ஏறுவார்கள் என்று. பித்தளைக் குடத்தில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு நான், புஷ்பவல்லி, பிள்ளைகள், இரண்டு கூடை தேங்காய் எல்லாம் ஏறினோம். அய்யாவு தலையில் கை வைத்து, அக்கா இது காடிலா, லோரி இல்லே என்றார். நம்ம சனம் தனியா எங்கே அண்ணே போவுது, அதது எப்படி ஏறுமோ அப்படித்தான் ஏத்திப் பார்க்கணும் என்றேன்.

சின்னது தெருவில் நன்றாகத்தான் ஓடியது, டாமன்சரா ரோட்டு மேட்டில் பாதியில் நின்று பின்னுக்கு வரப் பார்த்தது, எல்லோரும் இறங்கித் தள்ளினோம், குடத்துத் தண்ணீரில் பாதி என் சேலையில். அதில் தப்பில்லை தம்பி, அது நாலு பேருக்குச் செய்த காடி, நாம்தான் நாலு பேராய் ஏறமாட்டோம். குடத்தை மறுபடி நிரப்பிக்கொண்டு பெரியதில் ஏறினோம், அது அதே மேட்டில் முனகாமல் ஏறியது, முன்சீட்டில் இருந்த ரமணி மைல் முள்ளைப் பார்த்து இங்கிலீசில் நம்பர் சொல்லிக்கொண்டே வந்தாள், குடம் தளும்பவில்லை. இறக்கத்தில் பிரேக் பார்க்காமல் கை நீட்டாதே என்று நீ எழுதியிருந்தாயே, அது நினைவு வந்து இறக்கத்தில் மிதிக்கச் சொன்னேன், காடி ஒருபக்கமாய் இழுத்த இழுப்பில் குடத்துத் தண்ணீர் முழுக்க முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை பிடரியில். தைப்பூசத்துக்கு முன்னாடியே தீர்த்தமாடிட்டீங்க என்று புஷ்பவல்லி சிரித்தாள் பார், வேலை போனபிறகு அவள் சிரித்துக் கேட்பது அன்றைக்குத்தான். உன் பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பிரேக்கோடு பத்துமலைக் கூட்டத்துக்குள் போயிருப்பார்.

பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தால்தான் காடியை எடுப்போம் என்று சொல்லி, பெரியதற்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். பெட்ரோலுக்குக் கூடப் போனாலும், நிறைய ஆள் ஏறுவதில் கட்டிவிடும் என்று மாப்பிள்ளையும் இப்போது அதே பேச்சாக இருக்கிறார். உன் மோட்டார் சாமான் கடையில் அந்தக் காடிக்கு ஏற்ற பிரேக் லைனிங் கிடைத்தால் மறந்துவிடாமல் ரயிலில் அனுப்பு, இங்கே கிடைக்கவில்லை என்று அய்யாவு சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மழையில் நனைந்து திரியாதே, மருமகளைத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல். பூசத்துக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள், இந்த வருஷம் பால்குடம் எடுப்பது புஷ்பவல்லி.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மடி நிறையப் பிள்ளைகளோடு வாழ முருகனை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று சொல்ல விட்டுப்போனது, கப்பலுக்குக் கட்டிய டிரங்குப் பெட்டியைப் புஷ்பவல்லி நேற்றுக் காலி செய்துவிட்டாள், காடிக்குப் பின்னால் கட்டிச் சாமான் வைக்க அது கச்சிதமாய் இருக்குமாம். அதன் மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்த நாகப்பட்டணத்தை ரமணி ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அச்சுப் போட்ட மாதிரி பத்துமலை என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் வரவுக்கு வாசல் பார்த்திருக்கும் அம்மா,
பவுனம்மாள்