செல்போன் வெளிச்சத்தில் ஒரு அறுவை சிகிச்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஹூஸ்டன் பக்கம் பேர்லேண்டில் வெயில் எப்படி? நான் நலம். குண்டுச் சத்தம் தொலைவில்தான் கேட்கிறது.

நேற்று அறுவை சிகிச்சை நடுவில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நர்ஸுகள் செல்போன் வெளிச்சம் காட்ட, ஒரு ரொட்டிக் கடைக்காரப் பெண்ணின் காலை எடுக்காமலே காப்பாற்றிவிட்டேன். கண் விழித்தவள் கேட்டதை நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னாள்: "உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"ஆறு வயசுல ஒரு பொண்ணு, பேரு விஷாகா. எங்கப்பாதான் பாத்துக்கறாங்க."

"அப்போ சீக்கிரம் வீட்டுக்குப் போங்க" என்றாள்.

அடுத்த வாரம் ஹூஸ்டனிலிருந்து இங்கே கிளம்பும் டாக்டரிடம் தலைவலித் தைலம் கொடுத்தனுப்புங்கள். விஷாகா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
எழிலரசி