மாடிவீட்டு ஓட்டு

மேலவிளை,
அருமனை வழி.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அஜின் அப்பாவுக்கு,

நானும் அஜினும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா என்று முதலில் எழுதுங்கள், கோபத்தை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஷிஜின் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் இரண்டு பாக்கெட் ஏத்தங்காய் சிப்ஸையும் கொடுத்து அனுப்புகிறேன். சிப்ஸை மட்டும் பிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்.

போனில் பேசலாம்தான். பத்து நாளாக நீங்கள் கூப்பிடவில்லையே. உங்கள் அண்ணன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மாடி வீட்டைக் காலி பண்ணச் சொல்லு" என்று ஒரே வரியில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியதோடு சரி. அண்ணன் சொன்ன கதையில் நான் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவள். என் பக்கத்தையும் நீங்கள் கேட்டாக வேண்டும்.

மாடியில் குடியிருக்கும் டெல்சியை நீங்கள் வீடியோ காலில் பார்த்ததுதான். கடற்கரையில் இருந்த வீட்டை அலை கொண்டுபோன பிறகு மூன்று வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறி நம்மிடம் வந்தவள். அவள் மாப்பிள்ளை மத்தியாஸ் ஆழ்கடலுக்குப் போனால் கரைக்கு வர இரண்டு மாதம் ஆகும். இவள் அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு தரம் பிரிக்கிறாள்.

இந்த ஊரில் இப்போது வாடகைக்கு வீடு கிடைப்பது பெரும்பாடு. நாலுவழிச் சாலைக்கு வீட்டைக் கொடுத்தவர்கள், கடலுக்கு வீட்டைக் கொடுத்தவர்கள் எல்லோரும் மாடிகளில்தான் இருக்கிறார்கள். ஒரு மாடி காலியானால் அன்றைக்கே ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். அதனால் வீட்டுக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். பதினொரு மாதம் இருக்கலாம், ஆனால் முகவரிக்கு என்று ஒரு துண்டுத் தாள் தரமாட்டார்கள். தந்தால் நாளைக்கு வீடே என்னுடையது என்பானோ என்று பயம். நீங்களும் கிளம்பும்போது, "பேப்பர் ஒண்ணும் குடுக்காண்டாம், கேட்டியா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

கொடுத்துவிட்டேன். போன வருடம் கேஸ் இணைப்புக்கு முகவரி வேண்டும் என்று வந்து நின்றாள். விறகடுப்புப் புகையில் மாடிச் சுவரெல்லாம் கரி. சுவரைக் காப்பாற்றத்தான் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன் என்றால் நம்புவீர்களா? பாதி நிஜம். அந்தத் தாளை வைத்து அவள் கேஸ் வாங்கினாள், ரேஷன் கார்டை மாற்றினாள், வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேர்த்தாள். அதைப் பார்த்து மற்ற மாடிக்காரர்களும் அவரவர் வீட்டுக்காரரிடம் போய், அஜிதா கொடுத்தாளே, நீங்கள் ஏன் தரக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். பட்டியல் வந்தபோது நம் வார்டில் நூறு பேருக்கு மேல் புதிது. உங்கள் அண்ணன் அதைத் திறந்தே பார்க்கவில்லை. முப்பது வருட அரசியலில் இந்த வார்டு அவருக்கு மனப்பாடம்.

இந்தப் பேரூராட்சித் தேர்தலில் நம் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் அண்ணன் தன் மனைவி பகவதி அக்காவையே நிறுத்தினார். நோட்டீஸில் அக்காவின் பெயர், அண்ணனின் பெரிய படம். எதிரே சுயேச்சையாக நம் டெல்சி. பழைய சந்தைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் புறம்போக்கில் வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடி கட்ட எம்.எல்.ஏ. சென்னையில் ஃபைலை நகர்த்தி இரண்டு வருடம் ஆகிறதாம். பேரூராட்சியிலிருந்து தீர்மானம் மட்டும் போகவில்லை. எம்.எல்.ஏ. ஒரு கட்சி, அண்ணன் வேறு கட்சி, அதனால் அவர் அனுப்ப விடவில்லை. போதாததற்கு அந்த இடத்தில் கடைகள் கட்டவேண்டும் என்பது அண்ணனின் ஆசை. தீர்மானத்தை அனுப்பவைப்பேன் என்பதுதான் டெல்சி கொடுத்த ஒரே வாக்குறுதி. அவளுக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். எல்லார் விளையிலும் சக்கை தொங்குகிற மாதம், அவளுக்குப் போஸ்டரே தேவைப்படவில்லை.

இனி நான் செய்த தப்பு. ஓட்டுக் கேட்டு வந்த அண்ணன் நம் ஹாலில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தபடி வீடு வீடாக எண்ணினார். மாடிகளுக்கும் போக வேண்டாமா என்று கூட வந்த ஆபேல் கேட்டான். "வாடகைக்கு இருக்கவனுக்கு ஏதுடே இங்க ஓட்டு? டெல்சி ஒருத்தி எப்பிடியோ பேரு சேத்துட்டா, மத்தவனுவளுக்கு எல்லாம் பழைய ஊர்லயாக்கும்" என்று அண்ணன் சிரித்தார். அவர்களுக்கும் இங்கேயே ஓட்டு வந்துவிட்டது எனக்குத் தெரியும். சாயாவுக்கு இன்னும் சீனி வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். வார்டு முழுக்க ஒரு மாடிப்படிகூட அவர் ஏறவில்லை. டெல்சி பதினான்கு ஓட்டில் ஜெயித்தாள். சிரிக்கக் கூடாதுதான், சிரித்துவிட்டேன்.

மறுநாள் பகவதி அக்காவைப் பார்க்கப் பயந்துகொண்டேதான் போனேன். அக்கா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். "நான் ஜெயிச்சாலும் கசேரியில அவருதானே போய் இருக்கப்போறாரு. எனக்கு என்னத்துக்குட்டி அந்தப் பாடு? நீ கெழங்கு தின்னு" என்றார்கள். காந்தாரி மிளகு உடைத்த சம்மந்தித் துவையலோடு வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்தேன். அக்காவுக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் டெல்சியை இறக்கிவிட வேண்டும் என்கிறார். வேறு யாரும் அவளுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று ஊரிலும் சொல்லி வைத்துவிட்டார். நாம் இறக்கினால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகவேண்டியதுதான். அப்புறம் தீர்மானத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? நேற்று அவளே கீழே வந்து, "அக்கா, ஒங்களுக்குப் பிரச்சினைன்னா நான் போறேன். அவரு கரைக்கு வர்றது வரை மட்டும் பொறுங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் ஓட்டு வாங்கி ஜெயித்தவள் இருக்க இடம் கேட்டு என் முன்னால் நிற்கிறாள்.

மஸ்கட்டில் ரூமை விட்டு ஒரே வாரத்தில் இறங்கச் சொன்னபோது நீங்கள் பெட்டியோடு மூன்று நாள் கம்பெனி வேனில் கிடந்தீர்களே. அன்று அந்த ரூம்காரனை நீங்கள் போனில் திட்டிய வார்த்தையை நான் மறக்கவில்லை. அந்த வார்த்தையை நம் வீட்டைப் பார்த்து ஒருத்தி சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

மற்றபடி இங்கே எல்லாம் நன்றாகவே நடக்கிறது. மழை பிடித்துவிட்டதால் ரப்பர் வெட்டு இல்லை. அஜின் கணக்கில் தேறிவிட்டான், எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை. காலையில் கவுன்சிலரைப் பார்க்க வருகிறவர்களின் செருப்பெல்லாம் நம் வாசலில்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று அவள் இல்லாத நேரத்தில் என்னிடமே முறையிடுகிறார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி எழுதி வைக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது. நீங்கள் போன ஒன்பது வருடத்தில் இந்த வீட்டில் இவ்வளவு பேச்சுச் சத்தம் கேட்டதே இல்லை.

ஆதிகேசவப் பெருமாள் உங்களுக்கு நல்ல சுகத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தரட்டும். அண்ணனுக்கு நீங்களே போன் செய்து, மாடி காலியாகாது என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அது சண்டை, நீங்கள் சொன்னால் அவர் முணுமுணுத்துவிட்டு அடங்குவார். அவளை இறக்கிவிடு என்று என்னிடம் மட்டும் இன்னொரு தடவை சொல்லாதீர்கள். சொன்னால் நான் கேட்கமாட்டேன். உங்கள் பேச்சைக் கேட்காதவள் என்று என்னை ஆக்கிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
அஜிதா