முன்பிரேக் ஏன் கத்துகிறது?

நவம்பர் 11, 2009, புதன்

பனி. எதிர்த்த வாழைத்தோட்டமே தெரியவில்லை. சைக்கிளின் முன்பிரேக் (இனி மு.பி., எழுதி எழுதிக் கை வலிக்கிறது) இன்றும் கத்தல். செம்மேடு பஸ் ஸ்டாண்டு இறக்கத்தில் பிடித்தேன், டீக்கடை நாய் எழுந்து ஓட்டம். கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனம்மிணி, பன்னிய அறுக்கற மாதிரி இருக்குது. அத எங்க பஸ்ஸுக்குக் குடுத்துருங்க, வளைவுல ஹாரனுக்கு ஆகும்." போய்யா.

சேலத்து பிரபு அண்ணன் 22 ஞாயிறு வருகிறார். டவுன் ஆட்களைக் கூட்டிவந்து மலையில் சைக்கிள் ஓட்ட வைப்பவர். சைக்கிள் அவர் கொடுத்தது. அன்றைக்கு மலையடிவாரம் வரை எழுபது வளைவும் நான் முன்னால் இறங்கிக் காட்ட வேண்டும். நன்றாக இறங்கினால் வாராவாரம் வழிகாட்டும் வேலை எனக்கு, சைக்கிளும் எனக்கே. பிரேக் சொதப்பினால் சேலத்திலிருந்து வேறு ஆள். சைக்கிளும் ஜீப்பில் ஏறிப் போய்விடும்.

விடமாட்டேன்.

அப்பா வழக்கம்போல. சைக்கிள் வந்த அன்று, "பொம்பளப்புள்ள டவுசரப் போட்டுக்கிட்டு ரோட்டுல போனா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றதோடு சரி. அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நவம்பர் 13, வெள்ளி

தூறல். சந்தேகங்கள்:
போல்ட் லூஸ்? இறுக்கினேன். இல்லை.
டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் ஓட்டை போட்ட இரும்புத் தட்டு, பிரேக் கட்டைகள் கவ்வுவது இதைத்தான்) கோணலா? ஈர்க்குச்சியை ஒட்டினாற்போல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். எங்கும் உரசவில்லை. நேராகத்தான் இருக்கிறது.
அழுக்கு? நர்ஸ் அக்காவிடம் ஸ்பிரிட் வாங்கி டிஸ்க்கைத் துடைத்தேன். பிரேக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தேன்.

சத்தம் போச்சு! மூன்று தடவை இறக்கத்தில் விட்டுப் பார்த்தேன், கப்சிப். அடுப்படியில் போய் அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். "கிறுக்குப் புள்ள, கொழம்பு கொட்டுது" என்று திட்டு.

நவம்பர் 14, சனி

காலையில் மறுபடியும் கத்தல். அட ராமா.

நவம்பர் 16, திங்கள்

சேலத்திலிருந்து புதுக் கட்டைகள், பஸ்ஸில் வந்தன. டிஸ்க்கைத் துடைத்து மாட்டினேன். சாயங்காலம் வரை சத்தமில்லை. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தலை பரட்டை.

நவம்பர் 17, செவ்வாய்

கத்துகிறது. புதுக் கட்டையும் கத்துகிறது! பிடிப்பும் குறைவு, வழுக்கிக்கொண்டு போய் வேலியில் மோதினேன். பின்பிரேக் மட்டும் உத்தமன் மாதிரி நிற்கிறது. ஸ்பேனரை வீசி எறிந்தேன். பிறகு நானே போய்ப் புல்லுக்குள் தேடினேன். அழுகை வந்தது. பிரபு அண்ணனுக்கு போன். "பாத்துக்கலாம்மா, ஞாயித்துக்கெழம முடிவு பண்ணிக்கலாம்." அந்தக் குரலிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

நவம்பர் 18, புதன்

காலையில் ஸ்பிரிட், உப்புத்தாள், எல்லாம் மறுபடியும். வளப்பூரில் அத்தை வீட்டுக்கு சைக்கிளிலேயே போனேன். மழை பிடித்துக்கொண்டது, அங்கேயே தங்கல். சைக்கிள் தாழ்வாரத்தில் நனைந்தபடி.

நவம்பர் 19, வியாழன்

சத்தம் இல்லை!! நனைந்தும் இல்லை, சேற்றிலும் இல்லை. வீடு வரும்வரை பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். அப்படியானால் கோளாறு சைக்கிளில் இல்லை. எங்கள் வீட்டில். சாமான் கொட்டாயில் சைக்கிள் நின்றால்தான் வருகிறது.

பொழுது சாயக் கொட்டாய்க்கு எதிரே விறகு அடுக்குகிற சாக்கில் உட்கார்ந்தேன். அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். கொடுவாளைக் கழுவி விளக்கெண்ணெய்த் துணியால் துடைத்தார். மம்மட்டியைத் துடைத்தார். தினமும் செய்வதுதான், இந்தப் பனிக்கு இரும்பு ஒரே நாளில் துருவேறிவிடும். அப்புறம் அதே துணியோடு சைக்கிள் பக்கம் குத்தவைத்து, முன்டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையாக...

பின்சக்கரம் சாமை மூட்டைகளுக்கு நடுவே. கை எட்டாது.

கத்திவிட்டேன், மு.பி.யைவிடப் பெரிய கத்தல். "அப்பா! வேணும்னே பண்றீங்களா? நான் ஓட்டக்கூடாதுன்னுதான?"

விழித்தார். "என்ன கண்ணு? இந்த ஊட்டுல ஒரு இரும்பு துரு ஏறினதில்ல. உன்ற வண்டிய மட்டும் உட்டுருவனா?"

பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். "இது வெட்டற இரும்பில்லீங்கப்பா. புடிக்கிற இரும்பு. எண்ண பட்டா கட்டையெல்லாம் ஊறி வழுக்கும், கத்தும்."

துணியைப் பார்த்தார். டிஸ்க்கைப் பார்த்தார். "அப்ப நானே உன்னப் பள்ளத்துல உருட்டி உட்டிருப்பனா சாமி?"

"இல்லீங்கப்பா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது?

நவம்பர் 20, வெள்ளி

வெயில்! ஸ்பிரிட் பாட்டில் காலி. கட்டைகளைப் புதுசுபோலத் தேய்த்தேன். எண்ணெய்த் துணி இப்போது கொட்டாய்க்கு வெளியே, அப்பாவே ஆணி அடித்து மாட்டினார். இறக்கத்தில் விட்டுவிட்டுப் பிடித்தேன். வளைவில் அப்பா காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார். "இல்ல. ஒண்ணுங் கேக்கல. இன்னொருக்கா வா." இன்னொருக்கா, இன்னொருக்கா. மத்தியானச் சோறு ஆறிப்போச்சு.

நவம்பர் 21, சனி

காலையில் முதல் பிடி. சத்தமில்லை. ஜெயம்.

நவம்பர் 22, ஞாயிறு

எழுபதும் இறங்கியாச்சு! நான் முன்னால், பிரபு அண்ணனும் சேலத்து ஆட்களும் பின்னால். பாதி வழியிலிருந்து அவர்கள் பிரேக்தான் ஈரத்தில் கீச்சிட்டது. என்னுடையது மூச்சுவிடவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த வாரத்திலிருந்து நீதாம்மா முன்னால" என்றார். கும்பிடக்கூடத் தோன்றவில்லை, குதித்தேன்.

பின்னாலேயே பஸ் வந்து நின்றது. ஜன்னலோர சீட்டிலிருந்து எழுந்து அப்பா இறங்கினார்! வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாராம். நேரே பிரபு அண்ணனிடம் போனார். "ஏனுங்க, எங்க புள்ள வண்டி மட்டும் கத்தவே இல்லீங்களே, கவனிச்சீங்களா?"

வீடு திரும்ப, மேலே போகும் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றப் போனேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அத ஏத்தாத கண்ணு. நீ ஓட்டிக்கிட்டே வா. ரோட்டுல எல்லாரும் பாக்கட்டும்."