துளிர்த்த பந்தக்கால்

அத்தை,

இன்று காலை அடுப்பில் கல்யாண முருங்கை அடை வேகிறது. பேத்திக்கு நெஞ்சுச் சளி. இலையை அரிசியோடும் மிளகோடும் அரைத்துக் கல்லில் ஊற்றியதும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், நீங்கள் பின்னால் நின்று "கருக விட்றாதத்தா" என்று சொல்வதுபோலவே இருந்தது. இலை பறித்தது நம் வாசல் மரத்தில்தான். சிவப்பாகப் பூத்துக் கொட்டிவிட்டு இப்போது இலை கட்டி நிற்கிறது. நம் கம்பம் ஊர் வெயிலுக்கு வீட்டு வண்டிகளெல்லாம் அதன் நிழலில்தான்.

அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

என் கல்யாணத்துக்குப் பந்தக்காலாக நட்ட கல்யாண முருங்கைக் கம்பை, கல்யாணம் முடிந்ததும் வாசலில் ஊன்றினார்கள். மாமாவின் தங்கை ஆண்டிபட்டிக்கு பஸ் ஏறும்போதே, "அடுத்த மாசம் வந்து பாப்பேன். கம்பு துளுத்தாத்தேன் பொண்ணு ராசியானவ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். பாழாய்ப்போன கம்பு காய்ந்துகொண்டே போனது.

அவர் வருகிற அன்று காலை வாசல் தெளிக்க வந்தால், நீங்கள் கடப்பாரையோடு நிற்கிறீர்கள்! வேலியோரம் முளைத்திருந்த கல்யாண முருங்கைக் கன்றை வேரோடு பெயர்த்து, அதே குழியில் வைத்து, மண்ணை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். காய்ந்த கம்பு வெந்நீர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது.

"என்னத்தா முழிக்கிற? போயி காப்பியப் போடு."

மதியம் வந்தவர் கன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மதினி, கம்புல கட்டுன மஞ்சத் துணிய எங்க?"

"மழையில போச்சு."

"மழையா? எப்பப் பெஞ்சுச்சு?"

"ஆண்டிபட்டிக்கு வாக்கப்பட்டுப் போனவளுக்கு மழையே மறந்துபோச்சாக்கும்!"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அவரும் கடைசியில் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுத்தான் போனார். அன்று ராத்திரி நான் மூன்று தட்டுச் சோறு தின்றேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டில் ஒரே சத்தம். அவர்கள் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனதற்குப் புது மருமகளின் ராசிதான் காரணமாம். என்னால் பொறுக்க முடியவில்லை, அவர்கள் வீட்டுக்குள்ளேயே போய்விட்டேன். "மோட்டாரு எரிஞ்சா மெக்கானிக்கக் கூப்புடுங்க. அந்தப் புள்ளைய ஏன் கூப்புடுறீக?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சொன்னது என் வாய், குரல் உங்களுடையது.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள், அத்தை. இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.