வசந்தா போட்ட படிகாரம்

புதன்கிழமை இரவு.

இன்று காலை நெருளிலிருந்து நாத்தனார் வசந்தா வந்திருந்தாள். வாசலில் நாலு எறும்பைக் கண்டதும் மூக்கைச் சுளித்தாள். "கிச்சன இப்படி கந்தா, அழுக்கா வச்சிருந்தா எறும்பு வராம என்ன செய்யும் மதினி? ஃபிட்கரியப் பொடிச்சுப் போட்டா ஒண்ணுகூடத் தல காட்டாது" என்றாள். ஃபிட்கரி என்றால் படிகாரமாம். எனக்கே விளக்கம்!

நான் பால் வாங்கிவிட்டு வருவதற்குள் அவளே பொடித்து வாசல் நெடுகத் தூவிவிட்டாள். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமைப் பூஜைக்கென்று என் கற்கண்டையும் பையில் கொட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கட்டடத்து எறும்பு மொத்தமும் என் வாசலில். பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. படிகாரம், கற்கண்டு என்று இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதித்தான் ஒட்டியிருக்கிறேன், தமிழில். பாம்பேயில் பிறந்த மகாராணிக்குத் தமிழ் படிக்க வராது. வாய் மட்டும் வரும்.

சற்று முன் போன் செய்தாள். "என்ன மதினி, எறும்பு போச்சா?"

"ஒன் கைராசி யாருக்கு வரும், வசந்தா" என்றேன்.

என் படிகாரத்தைச் சாமிக்குப் படைத்து, ஊருக்கெல்லாம் பிரசாதமென்று நீட்டப்போகிறாள். கண்டிப்பாகச் சொல்லத்தான் வேண்டும்.

சனிக்கிழமை சொல்கிறேன்.