மார்னியின் பெயரில் நான் எழுதியது

பிப்ரவரி 23, 1997
ஞாயிறு மாலை, வீட்டிலிருந்து

அன்பு மகள் சிக்னிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே அலாஸ்கா குளிரில் உனக்குச் சளி காய்ச்சல் எதுவும் அண்டக்கூடாது என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, பனி வழிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் எங்கே காதில் போட்டுக்கொண்டார், நேற்று பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வழித்துக் கொடுத்துவிட்டு இன்றைக்கு நொண்டுகிறார். உன் அண்ணன் டேல் இந்த வருஷம் பாதி நிலத்தில் சோயா போடலாமா என்று யோசிக்கிறான். தேவாலயக் கூரை மறுபடி ஒழுகுகிறது. இதை எழுதத்தானா கடிதம் என்று நீ கேட்பாய். வாரா வாரம் மெயில் எழுதுகிறவள் எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று கவரைப் பார்த்ததுமே உனக்குத் தோன்றியிருக்கும். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நாலாவது. உன் அம்மா ஒரு கேவலமான காரியம் செய்துவிட்டாள் சிக்னி. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரி நூலகத்துக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் அறையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ சண்டை போட்டு வாங்கியதுதான். பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம், எங்கள் ஒழுங்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று டீனுக்கு எதிரே உட்கார்ந்து நீ பேசியதை இன்றைக்கும் இங்கே சொல்கிறார்கள். நீ மாணவர் சபையில் இருந்தபோது எழுதிய விதித்தாள் அதே சுவரில்தான் இருக்கிறது. உள்ளே வந்ததும் தாளில் பேரும் நேரமும் எழுது, யாராவது மறந்து திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் படிக்காமல் மூடு, உன் பெயரில் போனதற்கு நீதான் பொறுப்பு, ஒருவர் தப்புச் செய்தது தெரிந்தால் முதலில் அவர் முகத்துக்கு நேரே சொல்லி அவரே ஒப்புக்கொள்ள ஒரு வாரம் கொடு, அதற்கப்புறம்தான் சபைக்கு வா. சமையலறைக்காரர்களும் துப்புரவுக்காரர்களும் அந்த அறைக்கு வரலாம் என்று மாணவர்களை ஓட்டுப் போட வைத்ததும் நீதான். அந்தத் தாளில் முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். என் மகள் கொண்டுவந்தது என்று அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமா!

இந்த மாதம் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கல்லூரிச் சமையலறையில் மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் போட்டுவிட்டு உன் மெயில் வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று அங்கே போனேன். ஐந்து நிமிஷம்தானே என்று தாளில் பேர் எழுதவில்லை. வாசலில் மார்னி குசேரா எதிரே வந்தாள். நெப்ராஸ்காப் பெண், மூன்றாம் வருஷம் படிக்கிறாள், இப்போது மாணவர் சபையில் செயலாளர், நீ இருந்த அதே இடம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டமாக ஓடியவள் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர் திறந்தபடியே கிடந்தது. எல்லாரும் எழுதுகிற பொதுப் பலகைதான் அதில் இருந்தது. மூடத்தான் கையை நீட்டினேன். அதில் என் பேர் இருந்தது.

க்ளின்ட் என்று ஒரு பையன், இரண்டாம் வருஷம், டி மாய்ன் பட்டணத்துக்காரன், வாய்த் துடுக்கு. "ஆர்டிஸோட டூனா மீன் நூடுல்ஸை ஊருக்குக் கொண்டுபோயி மாமா வீட்டுப் பன்னிக்குப் போட்டேன், அன்னையிலேருந்து அது சைவமாயிடுச்சு" என்று எழுதியிருந்தான். "அந்தம்மா கை பட்டா தண்ணி கூட கட்டி தட்டிப்போகும்" என்று கீழே இன்னொன்று. அதற்குக் கீழே நாற்பது பேர் சிரித்து வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் சிக்னி. பிள்ளைகளுக்கு யார் யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று மனப்பாடமாக வைத்திருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த க்ளின்டின் அப்பாவுக்குப் போன இலையுதிர் காலத்தில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு எங்கள் அடுப்பு அணைந்துவிடும், மற்ற பிள்ளைகள் வெளியே போய்ச் சாப்பிடுவார்கள், இவன் நாலு மணிக்குச் சமையலறைப் பின்வாசலுக்கு வருவான், நான் மிச்சத்தைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவன் கேட்டான், என் வாயிலிருந்து வராது என்று நான் சொன்னேன். அதையெல்லாம் அன்றைக்கு இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் மிச்சச் சாப்பாட்டுக்குக் கையேந்தி நிற்கிறவனுக்கு நாக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். மார்னியின் பெயரில் போகும் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று கிழித்துப் போட்ட மூன்று தாளிலும் எழுதியிருந்தேன். பொய். மேலே அவள் பேர் இருந்தது, பார்த்தேன், அந்த நேரத்தில் எனக்கு அது வசதியாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. க்ளின்ட் தட்டோடு உள்ளே வந்தான், பேச்செல்லாம் நின்றது, தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். என்னைத் தவிர அவன் தன் கதையை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறான், அது மார்னி. இரண்டு பேரும் அப்படிச் சிநேகிதம். அப்புறம் பெட்டி கட்டிக் கொடுக்கிற என்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? "திறந்து வெச்சிட்டுப் போனது என் தப்பு, ஆனா எழுதினது நான் இல்லை" என்று அவள் சொன்னதை ஒருத்தர் நம்பவில்லை. அவள் வந்து உட்கார்ந்தால் மேசையே காலியாகும்.

வியாழக்கிழமை பரிமாறும் வரிசையில் என் எதிரே நின்று, "ஆர்டிஸ், அன்னைக்கு நான் வெளிய போறப்ப நீங்கதானே உள்ள வந்தீங்க, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். உன் விதிப்படிதான், முகத்துக்கு நேரே, பக்கத்தில் இருக்கிறவருக்குக் கூடக் கேட்காமல். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உருளைக்கிழங்கு இன்னொரு கரண்டி போடட்டுமா கண்ணு?" என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், "போதும்" என்று போய்விட்டாள். மறுபடி சனிக்கிழமை கேட்டாள், திங்கட்கிழமை கேட்டாள், ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி வைத்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "பசங்க சண்டை, நாலு நாள்ல மறந்துடுவாங்க, ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, நீ வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். அப்பாமேல் பழி போடவில்லை. அவர் அப்படிச் சொல்லவேண்டும் என்றுதான் அவரிடம் போனேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம் சபை கூடியது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் கூடமே நிரம்பிவிட்டது, காபியும் குக்கீயும் சமையலறையிலிருந்து போகவேண்டும், நான்தான் கொண்டுபோனேன். தலைவன் டேமியன் நல்ல பையன், குரலை உயர்த்தாமல், "நீ எழுதலைன்னா யார் எழுதினதுன்னு தெரியுமா?" என்று கேட்டான். மார்னி "தெரியும்" என்றாள். "அப்ப சொல்லு" என்றான். "சொல்லமாட்டேன், அவங்களே சொல்லணும், அதுக்குத்தானே இந்த விதி" என்றாள். "ஒரு வாரம் எப்பவோ முடிஞ்சிடுச்சே" என்றான் அவன். "இன்னும் கொஞ்ச நாள் நான் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்போது க்ளின்ட் எழுந்து, "இவ நாடகம் ஆடறா, உன்னையும் ஆர்டிஸையும் தவிர யாருக்குடி தெரியும், அவங்க சொல்லமாட்டாங்க, எங்கம்மாவுக்கே தெரியாது" என்று கத்தினான், கத்தும்போதே அழுதுவிட்டான். நான் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? வாயைத் திறக்கவில்லை சிக்னி. மார்னியைச் சபையிலிருந்து நீக்கினார்கள், மே மாதம் வரை கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றார்கள், அவள் வருஷம் முழுக்க எழுதிய ஆய்வுக் கட்டுரை அதற்குள்தான் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. நம்மால் நம்மைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, பூட்டும் காவலும் போடச் சொல்லிக் கல்லூரியைக் கேட்போம் என்று மாணவர்களே ஓட்டுப் போட்டார்கள். ஐம்பத்தெட்டுக்கு முப்பத்தொன்று. தன்னை நீக்கியபோது கல் மாதிரி இருந்த பெண் அதற்குத்தான் அழுதாள்.

எல்லாரும் போனபிறகு அவள் மட்டும் இருந்து காலிக் கோப்பைகளை அடுக்கிக் கொடுத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "குக்கீ நல்லா இருந்துச்சு ஆர்டிஸ்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை. செருப்பால் அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை காலையில் போய்த் தாளில் பேரும் நேரமும் எழுதிவிட்டு உட்கார்ந்தேன். என் பெயரில், எல்லாருக்கும், எழுதியது நான்தான், மார்னி இல்லை, மூன்று தடவை அவள் கேட்டும் மறைத்தேன் என்று எழுதி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை சபையில் நின்றேன். "இவங்க மாணவி இல்லையே, நாம எப்படி விசாரிக்கிறது, டீன்கிட்ட விட்டுடலாம்" என்று ஒருவன் சொன்னான். டீனும் அதற்கு முந்தின நாளே கூப்பிட்டு, இதைப் பெரிதாக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். டேமியன்தான், "கையெழுத்துப் போட்டிருக்காங்க, அப்ப நம்ம ஆளுதான், நாமதான் கேக்கணும்" என்றான். இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளைகள் எனக்குச் செய்த மரியாதை அது, அதை நான் வாங்கிக்கொண்ட லட்சணத்தைப் பார். மார்னிக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. நான் மே மாதம் வரை அந்த அறைக்குள் போகக்கூடாது, க்ளின்ட் சம்மதித்தால் நேரில் மன்னிப்புக் கேட்கவேண்டும். பூட்டு விஷயம் அடுத்த வாரம் மறுபடி ஓட்டுக்கு வருகிறது. பூட்டு வேண்டாம், வேலைக்காரர்கள் அங்கே வருவதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்களாம். பாத்திரம் கழுவும் வில்மாவுக்கு மகன் கடற்படையில் இருக்கிறான் அல்லவா, அவள் வந்து, "அப்ப நான் என் புள்ளைக்கு இனிமே எப்படி எழுதறது ஆர்டிஸ்?" என்று கேட்டாள்.

மார்னியிடம் தனியாகப் போய் அழுதேன். "எனக்குக் கோபம் இருக்கு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள். "ஏன் கண்ணு காட்டிக் கொடுக்கலை, விதிப்படி நீ சொல்லியிருக்கணுமே" என்றேன். "நான் சொல்லியிருந்தா மாட்டிக்கிட்டவங்களா இருப்பீங்க, நீங்களா சொன்னாதான் நீங்க எங்களோட இருக்க முடியும்" என்றாள். இருபத்தொரு வயது அவளுக்கு. எனக்கு ஐம்பத்தொன்பது.

பழைய மாணவர்கள் பல பேர் இன்னமும் அந்தப் பலகையைப் படிக்கிறார்கள் என்று டேமியன் சொன்னான். நீயும் படித்திருப்பாய். நேற்று சாயங்காலம் முழுக்கப் போன் பக்கத்திலேயே இருந்தேன், உன் அழைப்பு வரவில்லை. அப்பா, "அவளுக்கு வேலை இருக்கும்" என்றார். நீ கோபமாக இருந்தால் அது நியாயம்தான், அந்த விதித்தாளில் உன் பேர் இருக்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடித்துப் பின்வாசலைப் பூட்டப் போனேன். போன இரண்டு ஞாயிறும் க்ளின்ட் வரவில்லை, இன்றைக்கும் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன், இருந்தாலும் கோழியும் சோளமும் ரொட்டியும் போட்டு ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தேன். குப்பைத் தொட்டி ஓரமாகப் பனியில் நின்றுகொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் வாயெடுப்பதற்குள், "மன்னிப்பு எல்லாம் கேக்காதீங்க, மார்னியை நான் பேசின பேச்சுக்கு நானே இன்னும் கேட்டு முடிக்கலை" என்றான். நான் வேலையை விட்டுவிடுகிறேன், நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றேன். "விட்டுட்டா உங்களுக்குச் சௌகரியம், எனக்குப் பசிக்குமே" என்றான். பெட்டியை எடுத்து நீட்டினேன். அவன் கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கவில்லை. "கையில குடுக்காதீங்க, படியில வெச்சிட்டு உள்ள போயிக் கதவைச் சாத்திக்குங்க, நான் எடுத்துக்கறேன்" என்றான். படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் காலடி வந்து, நின்று, திரும்பிப் போகிறவரை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கர்த்தர் உன்னை எப்போதும் காக்கட்டும், நீ எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லவர்கள் நடுவில் இருக்கவேண்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்ளாமல் பெட்டியில் வைத்துவிடாதே. திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, பதில் எழுது, காகிதத்தில் எழுது.

என்றும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா,
ஆர்டிஸ்